மாணவர் பந்தயக் காருக்குப் பிரேக் கலிப்பர் தெரிவு செய்வதும் வரைவதும்: இலங்கையின் கிழக்கிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாகப் பந்தயக் கார் கட்டுகிற மாணவர் குழு, பிரேக் வேலையைப் பெரும்பாலும் கடையிலிருந்துதான் தொடங்குகிறது. கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ மோட்டார் சைக்கிள் சாமான்கடை ஒன்றில் ஒரு சோடி கலிப்பர் மலிவாகக் கிடைக்கும். (சில்லோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை, பாட் எனப்படும் உராய்வுக் கட்டைகளால் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும் உறுப்புதான் கலிப்பர்.) அதை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, எப்படிப் பூட்டலாம் என்று பிறகு யோசிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டயர் தரையை எவ்வளவு பிடிக்கும், ரிம்முக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். கலிப்பர் அந்தக் கணக்கின் கடைசியில் வருகிற விடை.

ஒலுவிலில் பொறியியல் படிக்கிறவர்கள், வந்தாறுமூலையில் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள், தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை பழகுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகம் கைவசம் இருந்தால் போதும், இதிலுள்ள கணக்கெல்லாம் புரியும்.

முதலில் விதிகள்

அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய ஃபோர்முலா எஸ்.ஏ.ஈ., இங்கிலாந்தில் 1998 முதல் நடக்கும் ஃபோர்முலா ஸ்டூடன்ட், நமக்குக் கிட்டவுள்ள கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபோர்முலா பாரத் ஆகிய மாணவர் பந்தயக் கார்ப் போட்டிகளில் பிரேக் விதிகள் அடிப்படையில் ஒன்றுதான். ஒரே மிதியால் நான்கு சில்லுகளும் பிடிக்க வேண்டும். எண்ணெய்ச் சுற்று இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஒழுகினாலும் மற்றது குறைந்தது இரண்டு சில்லுகளையாவது பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி எண்ணெய்க் கிண்ணம் வேண்டும். மிதி 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். கடைசியில் பிரேக் சோதனை: காரை வேகமெடுத்து ஓட்டி மிதியை மிதித்தால் நான்கு சில்லும் பூட்டிக்கொண்டு, அதாவது சுழலாமல் இறுகி, கார் நேராக நிற்க வேண்டும். இதில் தேறாத கார் பந்தயத் தடத்தில் இறங்க முடியாது. நீங்கள் பதியப் போகிற போட்டியின் அந்த வருட விதிநூலை இறக்கி, பிரேக் அத்தியாயத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

டயரிலிருந்து கணக்கு

ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு 280 கிலோ. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 1.55 மீற்றர். புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.30 மீற்றர். நிற்கும்போது பாரத்தில் 47 வீதம் முன்பக்கம் இருக்கிறது. நல்ல பந்தய டயர் சூடாக இருந்தால் 1.5 என்ற உராய்வுக் குணகம் வரை தரும் என்று வைப்போம். அப்போது கார் 1.5 ஜி அளவில் அமர்முடுகும்.

மொத்த நிறை விசை 2747 நியூட்டன். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் சாயும் பாரம்: நிறை விசை × 1.5 × 0.30 ÷ 1.55, அதாவது சுமார் 797 நியூட்டன். முன்பக்கம் நிற்கையில் இருந்த 1291 இப்போது 2088 ஆகிறது. பின்பக்கத்தில் எஞ்சுவது 659. முன்பக்கத்தின் பங்கு 76 வீதம். முன் டிஸ்க் ஏன் பெரிது, பின் டிஸ்க் ஏன் சிறிது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு முன் சில்லுக்குப் பிரேக் விசை சுமார் 1567 நியூட்டன், ஒரு பின் சில்லுக்கு 494. 13 அங்குல ரிம்மில் போடும் பந்தய டயரின் உருளும் ஆரையை 0.255 மீற்றர் என்று வைத்தால், முன் சில்லில் வேண்டிய முறுக்கம் 400 நியூட்டன் மீற்றர், பின் சில்லில் 126. இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்துதான்.

உள்ளூரில் ஓட்டிப் பார்க்கும்போது பழைய டயரில் 1.5 வராது, 1.0 வந்தாலே நல்லது. ஆனாலும் கலிப்பரின் அளவைக் கூடிய பிடிக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். குறைந்த பிடியில் நடப்பது வேறு: 1.0 ஜியில் முன்பக்கப் பங்கு 66 வீதத்துக்கு இறங்கிவிடும். ஈரத் தரையில் இன்னும் இறங்கும். ஆகவே முன், பின் பங்கை மாற்றக்கூடிய சமநிலைத் தண்டு மிதியில் இருக்கட்டும். காசைக் குறைக்க அதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

டிஸ்க், பிஸ்டன், மிதி

முறுக்கத்தைத் தருவது டிஸ்க்கின் வெளி ஆரை அல்ல. பாட்டின் நடுப்பகுதி அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமுக்குகிறதோ அதுதான் கணக்கு. 220 மி.மீ. டிஸ்க், பாட்டின் உயரம் 26 மி.மீ., டிஸ்க் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே என்றால் பயன்படு ஆரை 110 − 2 − 13 = 95 மி.மீ. புதியவர்கள் இங்கே 110ஐப் போட்டுவிடுகிறார்கள். அதனால் வேண்டிய விசை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பிரேக் சோதனை நாளில் சில்லு பூட்டாது.

400 ÷ 0.095 = 4211 நியூட்டன். டிஸ்க்கைச் சுற்றும் திசையில் பாட்டுகள் தர வேண்டிய விசை இது. பாட்டின் உராய்வுக் குணகம் 0.4, உராய்கிற முகங்கள் இரண்டு. எனவே பாட்டை அழுத்தும் விசை 4211 ÷ 0.8, கிட்டத்தட்ட 5263 நியூட்டன்.

இப்போது இரண்டு கலிப்பர்களை ஒப்பிடுவோம். ஒன்று, மாணவர் கார்களில் பரவலாகக் காணும் வில்வூட் ஜி.பி.200. பக்கத்துக்கு ஒன்றாக எதிரெதிரே இரண்டு பிஸ்டன், விட்டம் 1.25 அங்குலம், அதாவது 31.75 மி.மீ. ஒரு பிஸ்டனின் பரப்பு 792 சதுர மி.மீ. வேண்டிய எண்ணெய் அமுக்கம் 5263 ÷ 792, சுமார் 6.65 மெகா பஸ்கால். மற்றது, இங்கே கடையில் எடுத்த மோட்டார் சைக்கிள் கலிப்பர். ஒரே பக்கத்தில் இரண்டு பிஸ்டன், மறுபக்கம் பிஸ்டன் இல்லை, உடல் ஊசியில் வழுக்கும் வகை. பிஸ்டனை அளந்தால் 27 மி.மீ. என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 1145 சதுர மி.மீ., வேண்டிய அமுக்கம் 4.6 மெகா பஸ்கால். எதிரெதிர் வகையில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே எண்ண வேண்டும், வழுக்கும் வகையில் உள்ள எல்லாவற்றையும் எண்ண வேண்டும். இதைக் குழப்பினால் கணக்கு இரண்டு மடங்கு பிழைக்கும்.

மிதி தள்ளும்போது எண்ணெயை அமுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முன்னுக்கும் பின்னுக்கும் 5/8 அங்குலம் என்றால் பரப்பு 198 சதுர மி.மீ. ஜி.பி.200க்கு முன் சிலிண்டரில் 1316 நியூட்டன் வேண்டும். பின்னுக்கு 85 மி.மீ. பயன்படு ஆரையும் 635 சதுர மி.மீ. பிஸ்டனும் வைத்தால் அங்கே சுமார் 578. இரண்டும் சேர்ந்து 1894. மிதி விகிதம் 5 என்றால், அதாவது கால் விசையை மிதி ஐந்து மடங்காக்கினால், கால் தர வேண்டியது 379 நியூட்டன், ஏறத்தாழ 39 கிலோ பாரம். பாட் குளிர்ந்திருந்து குணகம் 0.3க்கு இறங்கினால் 505 நியூட்டன். இருக்கையில் முதுகை முண்டுகொடுத்து மிதிக்கிற யாரும் இதைத் தருவார்கள். மோட்டார் சைக்கிள் கலிப்பரோடு அதே மிதிக்கு 298 நியூட்டன் போதும்.

அப்படியென்றால் மோட்டார் சைக்கிள் கலிப்பர்தானே நல்லது? அவசரப்பட வேண்டாம். விசை குறைந்தால் பயணம் கூடும். பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் பக்கத்துக்கு 0.25 மி.மீ. இடைவெளி என்று வைத்தால், முன் இரண்டு கலிப்பர்களும் அதை மூட மாஸ்டர் சிலிண்டரில் ஜி.பி.200க்கு 4 மி.மீ. ஓட்டம் போகும், மற்றதற்கு 5.8. மிதியில் அது 20 மி.மீ.க்கும் 29 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். குழாய் விரிவது, கலிப்பரைப் பிடிக்கும் தாங்கி வளைவது எல்லாம் இதற்கு மேலே சேரும். ஓட்டுநருக்கு மிதி பஞ்சு மிதிக்கிற மாதிரி இருக்கும். ஆகவே நான் பார்க்கிற அளவுகோல் இதுதான்: காலுக்கு 350 முதல் 450 நியூட்டன் வரை வந்தால் நல்ல தெரிவு. 300க்குக் கீழே வந்தால் மிதி விகிதத்தைக் குறைத்துப் பயணத்தைச் சுருக்குங்கள்.

சின்ன மாருதிக் காரின் கலிப்பரைப் போடலாமா என்றும் கேட்பார்கள். பிடிக்கும். ஆனால் வார்ப்பிரும்புப் பாரம் சில்லோடு சேர்ந்து குதிக்கும். வேண்டாம்.

வெப்பத்தை ஒரு வரியில் பார்த்துவிடலாம். 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் 69 கிலோ யூல் வெப்பமாகிறது. ஒரு முன் டிஸ்க்குக்கு 26. டிஸ்க் 700 கிராம் என்றால் ஒரு நிறுத்தத்துக்கு 80 பாகை ஏறும். அடுத்தடுத்து நிறுத்தினால் ஏறிக்கொண்டே போகும் என்பதால், எடை குறைக்கிறோம் என்று டிஸ்க்கில் கண்டபடி துளை போடாதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

எதிரெதிர்ப் பிஸ்டன் கலிப்பரைப் புதிதாக வரவழைக்கக் காசு இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் பல்சர், அப்பாச்சி, எஃப்.இஸட். போன்ற மோட்டார் சைக்கிள்களின் முன் கலிப்பர்கள் நம் பகுதிக் கடைகளிலும், இல்லையென்றால் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் கிடைக்கும். ஒரே மாதிரி கலிப்பர், ஒரே பாட், நாளைக்கும் அதே பாட் கிடைக்குமா என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள்.

பாவித்த கலிப்பர் என்றால் பிஸ்டனைக் கழற்றாமல் வாங்காதீர்கள். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர் என்று கடலோரமாக ஓடிய சைக்கிளின் கலிப்பர் வெளியே துடைத்துப் பளபளவென்று இருக்கும். உள்ளே பிஸ்டனின் மேற்பூச்சில் உப்பு அரித்த சிறு குழிகள் இருக்கும். பிஸ்டனைக் கழற்றும்போது காற்றழுத்தக் குழாயை வைத்து அடிக்க வேண்டாம், துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விரலை நசுக்கும். குழாயைக் கழற்றாமலே பிரேக் பிடியை மெல்ல மெல்ல அமத்தினால் பிஸ்டன் தானாக வெளியே வரும். வந்ததும் துடைத்துவிட்டு, நகத்தை மெதுவாக அதன் நீளப்போக்கில் இழுத்துப் பாருங்கள். எண்ணெயை ஒழுகாமல் தடுக்கும் றப்பர் சீல் தொடுகிற இடத்தில் நகம் தடக்கினால் அந்தப் பிஸ்டன் ஒழுகும். பிறகு வழுக்கு ஊசிகளைப் பாருங்கள். உடல் கையால் தள்ளும்போது இரண்டு பக்கமும் இலகுவாக ஓட வேண்டும். நம் மணல் அதற்குள்தான் முதலில் போய் உட்காரும்.

இன்னொன்று: மோட்டார் சைக்கிள் கலிப்பருக்கு இடம், வலம் உண்டு. ஒரே கலிப்பரை இரண்டு பக்கமும் பூட்டினால், ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னும் வரும். அல்லது ஒன்றில், எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றும் காற்றுத் திருகு கீழே பார்க்கும். கீழே பார்த்தால் காற்று வெளியேறாது. அந்தக் கலிப்பரைக் கழற்றி, பாட்டுகளுக்கு நடுவே டிஸ்க்கின் தடிப்புள்ள ஒரு தகட்டை வைத்து, திருகை மேலே பார்க்கப் பிடித்துக் காற்றெடுக்க வேண்டி வரும். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். வரையும்போதே இதற்கு இடம் விடுங்கள்.

அளந்து வரைதல்

இணையத்தில் யாரோ ஏற்றிய கலிப்பர் வரைபை இறக்கிப் பொருத்துவது எளிது. அது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் உள்ள துண்டோடு 1 மி.மீ. பிழைத்தாலே தாங்கியை மறுபடி வெட்ட வேண்டி வரும். வேணியரை எடுத்து நீங்களே அளவுங்கள். சொலிட்வேர்க்ஸ், ஃபியூஷன், இலவசமான ஃப்ரீகாட் என்று எந்த வரைதல் மென்பொருளாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் இரண்டு அடிப்படைகளைத் தீர்மானியுங்கள்: டிஸ்க்கின் நடுத்தளம், பூட்டுத் துளைகள் இரண்டின் நடுக்கோடு. எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்தே போகட்டும். கலிப்பரின் வார்ப்பு மேற்பரப்பிலிருந்து அளந்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் வரும், ஏனெனில் வார்ப்பு எங்கும் சமமில்லை. அரைத்துச் சீராக்கிய முகங்களிலிருந்து மட்டும் அளவுங்கள். துளைகளின் இடைத்தூரத்தை எடுக்க, இரண்டு துளைக்கும் இறுக்கமான ஊசியைச் செருகி, ஊசிகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து ஒரு ஊசியின் விட்டத்தைக் கழியுங்கள். துளையின் விளிம்பை நேரே அளப்பதைவிட இது மிகச் சரியாக வரும்.

பிறகு வேண்டியவை: டிஸ்க் நுழையும் பிளவின் அகலம், துளைக் கோட்டிலிருந்து பிஸ்டன் நடுவரை உள்ள தூரம், டிஸ்க்கின் விளிம்புக்கு மேலாகக் கலிப்பரின் இரு பக்கங்களையும் இணைக்கும் பாலத்தின் உள்முகம் வரை உள்ள தூரம், பாலத்தின் வெளிமுகம் வரை உள்ள தூரம், உள்பக்கமும் வெளிப்பக்கமும் டிஸ்க்கின் நடுத்தளத்திலிருந்து எவ்வளவு நீள்கிறது, எண்ணெய்க் குழாய் நுழையும் இடமும் அதன் போல்ட் தலையும், காற்றுத் திருகும் அதில் சாவி சுழல வேண்டிய இடமும். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பாட்டைச் சதுரக் கோட்டுத்தாளில் வைத்துக் கூரான பென்சிலால் சுற்றி வரையுங்கள். அதைப் படமெடுத்து வரைபுக்குள் போட்டு, தாளின் கட்டங்களைக் கொண்டு அளவைச் சரிசெய்து அதன் மேலே கோடு இழுத்தால் போதும்.

எழுத்து, விளிம்பு வளைவு, வார்ப்புக் கோடு எதையும் வரைய வேண்டாம். வேறு பொருளோடு தொடக்கூடிய முகங்கள்தான் முக்கியம். ஆனால் உடல், தாங்கும் சட்டம், உள் பாட், வெளிப் பாட், பிஸ்டன் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்பாக வரையுங்கள், அவை அசைய வேண்டும். கடைத் தராசில் நிறுத்து, வந்த நிறையை வரைபில் கையால் கொடுத்துவிடுங்கள். மென்பொருள் தானாகச் சொல்லும் நிறையை நம்ப வேண்டாம்.

ரிம்முக்குள் பொருத்துவது அடுத்தது. 13 அங்குலம் என்பது டயர் உட்காரும் விட்டம், 330 மி.மீ. உள்ளே குறைவாகத்தான் இருக்கும், நடுவில் பள்ளமும் இருக்கும். ஒரு கடதாசி மட்டையை ரிம்மின் உள் வளைவுக்கு ஏற்றபடி கத்தரித்துக் கத்தரித்துச் சரியாக்கி, அதை அளந்து வரையுங்கள். கலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. விடுங்கள். நான் 5 விடுவேன், வளைவில் ரிம் வளையும், கல்லும் மாட்டும். 10 அங்குல ரிம் என்றால் டிஸ்க் 180, 190 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அப்போது மேலே உள்ள கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும்.

வழுக்கும் கலிப்பரை இரண்டு நிலையில் வைத்துப் பாருங்கள். புதுப் பாட்டோடு உடல் வெளிப்பக்கமாக இருக்கும், ரிம்மின் கைகளோடு முட்டுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். வெளிப் பாட் தேயத் தேய உடல் காரின் உள்பக்கமாக நகரும், சில்லைச் சட்டகத்தோடு இணைக்கும் தொங்கு கைகளோடு முட்டுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். ஸ்டியரிங் திருப்பும்போது கலிப்பரும் ரிம்மும் சேர்ந்தே திரும்பும், அங்கே பயமில்லை. திசை திருப்பும் தண்டின் முனை, கீழ்க் கை, எண்ணெய்க் குழாய் ஆகிய மூன்றோடும் உள்ள இடைவெளிதான் மாறும். முழுத் திருப்பத்திலும் முழு ஏற்ற இறக்கத்திலும் வைத்துப் பாருங்கள்.

அலுமினியம் வெட்டுவதற்கு முன், கலிப்பரின் வெளி உருவத்தைப் பலகையில் வெட்டி உண்மை ரிம்முக்குள் பூட்டிச் சில்லைக் கையால் சுற்றுங்கள். ஒரு பின்னேர வேலை அது. வெட்டிய அலுமினியம் வீணாவதை இது தடுக்கும்.

தாங்கியின் வலிமை

கலிப்பரைப் பிடிக்கும் தாங்கிக்குத் தகைப்புப் பகுப்பாய்வு செய்யும்போது 4211 நியூட்டனைப் போல்ட் துளையில் கொடுக்காதீர்கள். பாட்டின் நடுவில், டிஸ்க் சுற்றும் திசையில் கொடுங்கள். அப்போதுதான் முறுக்கும் சேர்ந்து வரும். தகைப்பு குறைவாக இருந்தாலும் திருப்திப்படாமல், டிஸ்க்கின் தளத்துக்குச் செங்குத்தாகத் தாங்கி எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். பாட் சரிந்து தேய்வதும் மிதி மெத்தென்று இருப்பதும் அங்கிருந்துதான் வருகின்றன.

சொந்தக் கலிப்பரே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: முதல் காரில் வேண்டாம். சீல் உட்காரும் பள்ளத்தின் வடிவம்தான் பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை உள்ளூர் லேத்தில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வெட்டுவது கடினம். வரைந்து படிக்க விரும்பினால் படியுங்கள், நல்ல பயிற்சி. அப்போது ஒன்று விளங்கும்: 6061 அலுமினியத்தின் இளகு தகைப்பு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை) சுமார் 276 மெகா பஸ்கால், 7075க்கு 503. ஆனால் யங்கின் மட்டு இரண்டுக்கும் 70 கிகா பஸ்கால் அளவுதான். விலை கூடிய உலோகம் போட்டாலும் பாலம் விரிவது குறையாது. பாலத்தைத் தடிப்பாக்கினால்தான் குறையும்.

பூட்டும் போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. சூடு ஏறும் இடம் என்பதால் நைலோன் நட் வேண்டாம், கம்பி கட்டுங்கள் அல்லது முழு உலோகப் பூட்டு நட் போடுங்கள். நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு புரி தெரியட்டும்.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

டொட் 4 எண்ணெய் போதும். புதிதாக 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்குகிறது. மாரியில் நம் காற்றில் ஈரம் நிறைய, திறந்த போத்தலை அடுத்த மாதத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். சிலிக்கோன் எண்ணெயான டொட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது. கடையில் 5.1ஐக் கேட்டு 5ஐ வாங்கி வந்துவிடாமல் போத்தலைப் பாருங்கள்.

முதல் ஓட்டம் பொது வீதியில் அல்ல, மூடிய தளத்தில். 30, 40 கி.மீ. வேகத்தில் பலமுறை மெதுவாகப் பிடித்துப் பாட்டைப் படிய விடுங்கள், இடையில் ஆற விடுங்கள். அதன் பிறகே நான்கு சில்லையும் பூட்டிப் பாருங்கள். பின் சில்லு முதலில் பூட்டினால் உடனே நிறுத்தி, சமநிலைத் தண்டை முன்பக்கம் திருப்புங்கள். பின் முதலில் பூட்டுகிற கார் சுழலும்.

வந்ததும் பாட்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் தடிப்பையும் நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வித்தியாசம் இருந்தால் தாங்கி வளைகிறது. வழுக்கும் வகையில் உள் பாட் மட்டும் கூடத் தேய்ந்திருந்தால் ஊசி இறுகியிருக்கிறது. ஊசியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்குரிய கிறீஸ் பூசி, றப்பர் உறையை மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடி ஓடி அளவுங்கள். தாங்கி என்றால் அளந்த எண்ணோடு வரைபுக்குத் திரும்பி, வலுவூட்டும் விலா ஒன்றைக் கூட்டி, வளைவு பாதியாகும் வரை மாற்றுங்கள்.